என் பங்குப் பால்

ஒன்பது வயதில் நான் இட்லியைப் பார்த்துப் பயந்தவன். பேய்க்குப் பயந்ததில்லை, வாத்தியாருக்கும் அவ்வளவாகப் பயந்ததில்லை, இட்லிக்குப் பயந்தேன். வெள்ளையாக இருப்பதெல்லாம் என் வயிற்றுக்கு எதிரி என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். இட்லி, தேங்காய்ச் சட்னி, வெண்பொங்கல் எல்லாம் எனக்கு ஒரே கட்சி. எங்கள் வீட்டில் இட்லிப் பானை அடுப்பேறுவதே தீபாவளி, பொங்கல் மாதிரி நாட்களில்தான். அன்றைக்கும் தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தவனை என்னவென்று சொல்வது? நீங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். திருத்தணியில் குண்டு விழவில்லை, ஆனால் நூல் வரவில்லை. நைனாவின் தறி பாதி நாள் சும்மா கிடந்தது. காலையிலும் கேழ்வரகுக் கூழ், இரவிலும் கேழ்வரகுக் கூழ். நைனா, அம்மா, என்னைவிட மூன்று வயது பெரியவளான அக்காள், நான். நாலு பேரில் நான்தான் குச்சி. "ஒரே ஆம்பளப் புள்ள, இப்டி காஞ்சி கெடக்குதே" என்று தெருவில் யாரோ சொன்னது அம்மாவின் காதில் விழுந்தது. அன்றைக்கே என்னைத் தேற்றிவிடுவது என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். தறியைக்கூட இடம் மாற்றிவிடலாம், அம்மாவின் முடிவை மாற்ற முடியாது.

பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருந்தவர்கள் வீட்டில் விடியற்காலையில் தொழுவம் கூட்டி, சாணி அள்ளிப்போட ஒப்புக்கொண்டாள். அதற்குக் கூலி ஒரு டம்ளர் பால். கறந்த சூட்டோடு அதைக் கொண்டுவந்து காய்ச்சி என் கையில் கொடுத்துவிட்டு, மிச்ச வேலைக்கு மறுபடி தொழுவத்துக்கு ஓடுவாள். அந்தப் பாலில் வேறு யாரும் வாய் வைக்கக்கூடாது. நைனாவே வெறும் கொத்தமல்லிக் காப்பிதான் குடித்தார்.

நான் பாலைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். வாத்தியார் பெயர் கூப்பிட்டு முடிப்பதற்குள் என் வயிற்றில் ரேணிகுண்டா ரயில் கிளம்பிவிடும். முதலில் உறுமும், பிறகு இரைச்சல், பிறகு நிற்க நேரமில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த வாத்தியார், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் எனக்கென்றே ஒரு சொம்பை வைத்தார். அன்று முதல் பள்ளிக்கூடத்தில் என் பெயர் சொம்பு.

"இவன் பள்ளிக்கூடம் போறதவிட ஏரிக்கரைக்குப் போறதுதான் ஜாஸ்தி" என்றார் நைனா.

அம்மா என்னை வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். "சூட்டு ஒடம்பு. பால் குடு, தணிஞ்சிடும்" என்றார். பால் குடிக்கிறான் என்று அம்மா சொன்னதற்கு, "பத்தல" என்றார்.

வைத்தியர் கைவிட்டதை முருகன் பார்த்துக்கொள்வான் என்று அம்மா வேண்டிக்கொண்டாள். ஆடிக்கிருத்திகைக்கு எனக்கு மொட்டை. நானே தோளில் பால் காவடி சுமந்து மலையேற வேண்டும். அதுவரைக்கும் மாதா மாதம் கிருத்திகைக்கு நான் விரதம். விரதம் என்றால் வேறொன்றும் தொடக்கூடாது, காலையிலும் மாலையிலும் பால் மட்டும். வயிற்றுவலி தீர வேண்டிக்கொண்டு வயிற்றுவலியையே டம்ளரில் ஊற்றிக் குடித்தவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முருகனுக்கு என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். வலி வந்த நாளெல்லாம் வயிற்றுக்குள் ஏதோ வெள்ளை இருந்ததால், எதற்கும் இருக்கட்டும் என்றுதான் வெள்ளையை எல்லாம் ஒதுக்க ஆரம்பித்தேன்.

தீபாவளி வந்தது. நான் தட்டைத் தள்ளினேன்.

"இட்லி வேணாமா?" என்றாள் அக்காள்.

"வேணாம். வெள்ள."

"சரி" என்று என் தட்டை இழுத்துக்கொண்டாள். என் பங்கு இட்லி, என் பங்கு சட்னி எல்லாம் தின்று, தட்டையும் விரலால் வழித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"இப்ப கேளு. நேத்து கூழுல மோர் ஊத்திக் குடிச்சியே, வயிறு வலிச்சிதா?"

"இல்ல."

"மோரு இன்னா கருப்பா?"

கூழில் கலந்தால் மோர் பழுப்பாகிவிடுகிறதே, அதனால் அதை வெள்ளைக் கணக்கில் நான் சேர்க்கவேயில்லை. சொன்னால் சிரிப்பாள்.

"கிருத்திகைக்கு ஒண்ணுமே துன்னாம பால மட்டும் குடிச்ச. அன்னிக்கி சொம்ப கீழயே வெக்கல நீ. தொழுவத்துல மாடு கன்னு போட்டப்ப பத்து நாளு பால் இல்ல. அந்தப் பத்து நாளும் நல்லாத்தான கீந்த? பாலுதான்டா உனக்கு ஆவல."

"சாமியே பால் குடிக்கிறாரு."

"அவருக்கு ஒத்துக்குது, குடிக்கிறாரு."

இதை இட்லிக்கு முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அக்காள் நேராக அம்மாவிடம் போய்ச் சொன்னாள். அம்மா துடைப்பத்தை எடுத்துவிட்டாள். "பால ஆவாதுன்னு சொல்ற வாயி இன்னா வாயிடி அது? தாய்ப்பால் குடிச்சி வளந்த புள்ளக்கி மாட்டுப்பால் ஆவாம பூடுமா? பால் ஆவாத கொயந்த எந்த ஊர்ல கீது?"

எந்த ஊரில் இருக்கிறது என்று எங்களுக்கும் தெரியவில்லை. ஆகவே அக்காள் வேறு வழி செய்தாள். மறுநாள் அம்மா டம்ளரைக் கொடுத்துவிட்டுத் தெருமுனை திரும்பியதும் என் கையிலிருந்து வாங்கி, நின்ற இடத்திலேயே மடக் மடக்கென்று குடித்தாள். பிறகு டம்ளர் அடியில் இருந்த நுரையை விரலால் தொட்டு என் மேலுதட்டில் மீசை மாதிரி தடவிவிட்டாள். "அம்மா வர்ற வரிக்கும் தொடைக்காத." கிருத்திகை நாட்களில் பாலைத் தான் குடித்துவிட்டு, மடியில் மறைத்து ஒரு வாழைப்பழம் எனக்குக் கொண்டுவந்து தருவாள்.

வயிறு அடங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் முழு நாளும் உட்கார்ந்தேன். சொம்பு மூலையில் தூசி படிந்தது. பெயர் மட்டும் கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருந்தது. "முருகன் கண்ணத் தொறந்துட்டான்" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். எனக்கோ அக்காளை நினைத்தால் பாவமாக இருந்தது. அந்தக் கண்றாவியை எனக்காகத் தினமும் குடிக்கிறாளே, இவள் வயிறு என்ன பாடுபடும் என்று கவலைப்பட்டேன். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். எவ்வளவு பொறுமை என்று வியந்துபோனேன்.

ஆடிக்கிருத்திகை வந்தது. சரவணப் பொய்கையில் முழுக்கு, மொட்டை, தலையெல்லாம் சந்தனம். சின்னக் காவடியின் இரண்டு பக்கமும் பால் சொம்புகள் தொங்க, நான் படியேறினேன். முன்னாலும் பின்னாலும் ஜனம். ஒதுங்க ஒரு முழ இடமில்லை. காவடியை வழியில் கீழே வைக்கக்கூடாது என்பதால் தோள் எரிந்தும் விடவில்லை. எப்படியும் மேலே போய்ச் சேர்ந்துவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். ஏறியும்விட்டேன்.

அபிஷேகம் ஆனது. ஒரு சொம்பில் கொஞ்சம் பாலைத் திருப்பிக் கொடுத்தார்கள். அம்மா அதைக் கண்ணில் ஒற்றி என் முன்னால் நீட்டினாள்.

"குடி. இத குடிச்சாத்தான் வேண்டுதல் முடியும்."

மலைமேல் இப்படி ஒன்று வரும் என்று நாங்கள் யோசித்திருக்கவில்லை. கீழே பார்த்தேன், படி தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. சொம்புக்குக் கை நீட்டினேன். அதற்குள் அக்காள் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டாள்.

அம்மா அத்தனை பேர் நடுவில் அவளை அறைந்தாள். "அவன் வேண்டுதல கெடுக்கணும்னே பொறந்தியாடி?" அக்காள் அழவில்லை. வாயைப் புறங்கையால் துடைத்தாள்.

அம்மா விடுகிறவளா? பக்கத்தில் பள்ளிப்பட்டிலிருந்து காவடி கொண்டுவந்திருந்த குடும்பத்தாரிடம் கெஞ்சி அவர்கள் சொம்பிலிருந்து பால் வாங்கினாள். என் மொட்டைத் தலையை ஒரு கையால் பிடித்து, சொம்பை என் உதட்டில் வைத்தாள். "இனிமே தெனிக்கி ரெண்டு டம்ளர் வாங்கியாறேன் முருகா, இவன காப்பாத்து" என்று சாமியிடமும் சொல்லிவிட்டாள். ஆனது ஆகட்டும் என்று நான் வாயைத் திறந்தேன்.

அக்காள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. தீபாவளிக்கப்பறம் இவன் ஒரு நாளும் பால் குடிக்கல. நான்தான் குடிச்சேன். அதான் நல்லாகீறான்."

அம்மா அவளைப் பார்த்தாள்.

"பொய்யின்னா இப்ப குடிக்க வெய்யி. பாதி படி எறங்கறதுக்குள்ள பாத்துக்க."

அம்மா என்னைப் பார்த்தாள். படியில் நெரியும் கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு அக்காளின் முகத்தை, முதல்முறை பார்ப்பதுபோல், ரொம்ப நேரம் பார்த்தாள். தீபாவளிக்குப் பிறகு அந்தக் கன்னம் கொஞ்சம் பூசியிருந்தது. சாமி பாலைக் கீழே ஊற்ற முடியாது. அம்மாவே குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, கடைசிச் சொட்டு வரை. வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

"நாளையிலேர்ந்து மோர் வாங்கியாறேன்" என்று மட்டும் சொன்னாள்.

அப்படியே செய்தாள். வெண்ணெய் எடுத்த மோர் தொழுவத்து வீட்டில் சொம்பு நிறையக் கொடுத்தார்கள். நான் குடித்தேன், தேறினேன். இன்று என் சட்டைப் பொத்தான்கள் படும் பாட்டைப் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள். பால் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. பொட்டைப் பிள்ளைக்குப் பால் எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. யாரும் கொண்டுவரவும் இல்லை. பால் நின்ற முதல் நாள் காலை அக்காள் தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய், "இனிமே நீ கஷ்டப்பட்டு குடிக்க வேணாம்க்கா" என்று நல்ல செய்தி சொன்னேன். அவள் ராட்டினத்தை இன்னும் வேகமாகச் சுற்றினாள். பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களில் இதைச் சொல்லியிருக்கிறேன். தம்பிக்காக மாதக்கணக்கில் பாலைக் குடித்துச் சகித்த அக்காள் என்று. கேட்டவர்கள் உச்சுக்கொட்டியிருக்கிறார்கள். போன வருஷம் அக்காளின் மகள் கல்யாணத்தில், மணமக்களுக்குப் பாலும் பழமும் கொடுத்த கையோடு, சம்பந்தி வீட்டாரைச் சுற்றி உட்காரவைத்து மறுபடி சொன்னேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பந்தி முடிந்து நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது அக்காள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இத்தினி வயசாயும் உனக்குப் புத்தி வரலியேடா. பால் குடிச்சது பசியிலடா. மலைமேல, பால் நின்னுடும்னு தெரிஞ்சே அம்மாகிட்ட நெசத்த சொன்னேன் பாரு, அதான்டா கஷ்டமா இருந்துச்சி."