கார் ஷெட்டுக்குத் தனி லைன்

எங்கள் வீட்டில் கார் ஷெட் உண்டு, கார் கிடையாது. மண்ணூரில் வீடு கட்டியபோது, என்றைக்காவது வாங்குவோம் என்று பக்கவாட்டில் தகரம் இறக்கிப் போட்டது. என் ஸ்கூட்டியும் கால் உடைந்த ஒரு கட்டிலும்தான் அதில் நின்றன. ஷெட்டில் வெளிச்சம் வேண்டுமானால் சமையலறை ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துப் போவோம். பின்பக்கத் தோட்டத்து மோட்டாருக்கும் அதே வயர்தான். மழை நாளில் அதைத் தொடவே எனக்குப் பயம்.

என் கணவர் ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில் மெஷின் பராமரிப்பில் இருந்தார். கார் பூட்டுகிற லைன் நின்றுபோனால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிறவர். அந்தக் கம்பெனி மூடிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் அவர் ஏறி இறங்காத கேட் இல்லை. எல்லா இடத்திலும் மரியாதையாகத்தான் உட்காரவைத்தார்கள். வயதைக் கேட்டதும், "சொல்லி அனுப்புறோம் சார்" என்றார்கள். நான் சுங்குவார்சத்திரத்தில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றே யோசனையாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட்டில் ஏதோ உருட்டும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கட்டிலை வெளியே தள்ளிவிட்டு, கையில் சாக்பீஸோடு நிற்கிறார். சுவரில் அங்கங்கே கட்டம் கட்டமாக வரைந்திருந்தார்.

"இது சார்ஜர் பாயின்ட். இது காத்தடிக்கிற கம்ப்ரஸருக்கு. இங்க ஒரு டேபிள், மேல லைட்டு. கம்பெனி பசங்க எல்லாம் இப்ப கரண்ட் வண்டிதான் வாங்குறானுங்க. ரிப்பேருக்கு எங்க போவானுங்க, சொல்லு?"

"உங்ககிட்ட வருவாங்களா?"

"வராம? இன்னா பேச்சு பேசுற!"

எத்தனையோ மாதம் கழித்து அவர் குரல் உயர்ந்து கேட்டேன். அந்தச் சந்தோஷத்தில் நானும் ஒன்று கேட்டுவைத்தேன்: "அப்படியே தோட்டத்துக்கும் ஒரு லைன் இழுத்துடுங்க. இந்த ஜன்னல் வயரத் தூக்கிப் போட்டுடலாம்."

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரு எலெக்ட்ரீஷியன் வந்தார். மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "பழைய லைன்லயே எல்லாத்தையும் மாட்டுனா தாங்காதுண்ணா. ஃப்ரிட்ஜு, கிரைண்டர் எல்லாம் அதுலதான் ஓடிக்கினு கீது. கம்ப்ரஸர் போட்டா வூட்டோட சேத்து ட்ரிப் ஆவும்" என்றார்.

"அதான் தனித்தனியா பிரிக்கணும்ன்றேன்" என்றார் இவர்.

அன்று முழுக்க இரண்டு பேரும் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஷெட்டுக்குத் தனியாக ஒரு சின்ன ஸ்விட்ச் பெட்டி. கம்ப்ரஸருக்கு மட்டும் ஒரு லைன், லைட்டுக்கும் சார்ஜருக்கும் இன்னொன்று. தோட்டத்துக்குப் போவது பூமிக்கடியில், கவசம் போட்ட கேபிளில். கரண்ட் கொஞ்சம் கசிந்தாலும் தானாக அணைந்துவிடுகிற பிரேக்கர் அதற்கு. உப்பும் கரியும் கொட்டி, புதிதாக எர்த் குழி. வெல்டிங் மெஷினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் வேண்டும் என்று தள்ளிவைத்தார்கள். நான் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாளே கேபிளுக்கான பள்ளத்தை அவரே வெட்டத் தொடங்கினார். ஷெட்டிலிருந்து எலுமிச்சை மரம் வரைக்கும் கயிறு கட்டி, நேராக வெட்டினார். பாதி தூரம் வந்திருப்பார். அப்போதுதான், மூடிப்போன கம்பெனியில் பழைய சாமான்களை ஏலம் விடுகிறார்கள், கம்ப்ரஸர் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வெறுங்கையோடு வந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை.

"கெடைக்கலயா? வேற எடத்துல பாத்துக்கலாங்க."

"அதெல்லாம் நெறய கீது" என்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "நம்ம கம்பெனி லைன கட்டர் வெச்சி அறுத்துக்கினு கீறானுங்க. பீஸ் பீஸா லாரில ஏத்துறானுங்க. நான் பாத்துக்கினே நின்னேன்" என்றார். "இரும்புதானே" என்று சொல்ல வாய் வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

அதன்பின் அவர் மண்வெட்டியைத் தொடவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்தில் தண்ணீர் நின்று, இரண்டு பக்கக் கரையும் சரிந்தது. அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். முதலில் உடம்புச் சோர்வு என்றார், பிறகு அதுவும் சொல்வதில்லை. ஷேவிங் இல்லை, குளிக்க மூன்று முறை சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். "இது ஒரு நோய்தாம்மா, சோம்பேறித்தனம் இல்ல. மெதுவாத்தான் சரியாகும்" என்று மாத்திரை கொடுத்தார். மாத்திரை அவரைத் தூங்கவைத்தது.

நான் ஒரு முட்டாள்தனமான நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டேன். லைன் வந்துவிட்டால் இவர் எழுந்துவிடுவார் என்று. மழை விட்டதும், வார லீவில் சேற்றை வாரிப்போட்டு மீதிப் பள்ளத்தை நானே வெட்டினேன். என் பள்ளம் கோணலாகப் போனது. எலெக்ட்ரீஷியனை வரச்சொன்னேன்.

"அண்ணன் இல்லாம இன்னாக்கா வேலை? எதுனா கேட்டா யாரு சொல்றது?"

"அவரு செவுத்துல வரைஞ்சி வெச்சிருக்காரு இல்ல, அப்படியே போடுங்க."

அப்படியே போட்டார். சாக்பீஸ் கட்டம் ஒவ்வொன்றின்மேலும் ஒரு பெட்டி உட்கார்ந்தது. வேலை முடிந்ததும் உள்ளே போய் அவர் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிவந்தேன். "நீங்களே போடுங்க" என்றேன். ஸ்விட்சைத் தட்டினார். ஷெட் பளிச்சென்று ஆனது. சுவரையெல்லாம் ஒருமுறை பார்த்தார். வேறு யாருடைய வீட்டையோ பார்க்கிற பார்வை.

"நல்லா கீது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

எலெக்ட்ரீஷியன் தலையைக் குனிந்துகொண்டு சாமான்களை எடுத்து வைத்தார். அவர் போன பிறகு நான் அந்த வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். அத்தனை நாள் அழாததையும் சேர்த்து அழுதேன்.

போன மாதம் ஒரு பெண் கரண்ட் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. ஷெட்டில் சார்ஜர் பாயின்ட் இருப்பதைத் தெருவிலிருந்தே பார்த்திருக்கிறாள்.

"அக்கா, பேட்டரி ஃபுல்லா இருக்கு, ஆனா வண்டி இழுக்கவே மாட்டேங்குது. இங்க பாப்பாங்களா?"

உள்ளே ஓடினேன். அவர் விழித்துத்தான் இருந்தார்.

"ஏங்க, ஒரு வண்டி வந்திருக்கு. வெறுமன வந்து பாருங்க. போதும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றார்.

கோபத்திலோ வெறுப்பிலோ சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சத்தியமாக நம்பிச் சொன்னார். கை வைத்தால் எந்த மெஷினையும் ஓடவைத்த மனிதர், தனக்கு எதுவுமே தெரியாது என்று நம்பிவிட்டிருந்தார்.

வெளியே வந்து, மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப் பக்கம் யாராவது பார்ப்பார்கள், கேட்டுப் பார் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். வெயிலில் அவ்வளவு தூரம் தள்ள வேண்டுமே என்று முகம் சுருங்கினாள். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.