படகு வராமல் உறங்காத பிள்ளை

திருச்செந்தூர் சாலையில் வடக்கே நடந்துகொண்டிருந்தேன். முத்தையாபுரம் பின்னால் போய்விட்டது. இரண்டு பக்கமும் உப்பளம், என்னை உரசிக்கொண்டு போகும் லாரிகள். தோளில் கிடந்த பையில் ஒரு கைலி, ஒரு துண்டு, பல் துலக்கும் பிரஷ். பள்ளிக்கூடத்தில் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டிருந்தேன். அதன் முதுகில் ‘மாணவர் பாதுகாப்பு’ என்று அச்சடித்திருந்தார்கள். கழற்றி எறிந்திருப்பேன், வெயில் விடவில்லை.

வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதில்லை. ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன். உப்பு வாரியிருக்கிறேன், கோட்டயத்தில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்திருக்கிறேன், லாரியில் தார்ப்பாய் கட்டியிருக்கிறேன். அங்கெல்லாம் ஏய்க்கிறவன் ஏய்க்கிறான் என்று பார்த்தாலே தெரியும். பள்ளிக்கூடத்தில்தான் அதைத் தலையைத் தடவிக்கொண்டே செய்வார்கள் என்று கற்றுக்கொண்டேன்.

அந்தத் தனியார் பள்ளியில் எனக்கு வேன் கிளீனர் வேலை. காலையில் பிள்ளைகளை ஏற்ற வேண்டும், மாலையில் இறக்க வேண்டும். நடுவில் நாற்காலி தூக்குவது, குடம் தூக்குவது, பெரியவர்கள் வந்தால் விசிறியைத் திருப்பி வைப்பது. நான் சேர்ந்த சமயம் அவர்களுக்குப் புதிதாக ஒரு காய்ச்சல் வந்திருந்தது. குழந்தை வளர்ச்சி. தாழ்வாரம் முழுக்கப் படங்கள் ஒட்டினார்கள். எந்த வயதில் பிள்ளை என்ன பேச வேண்டும், எதை அடுக்க வேண்டும், யாரோடு சேர்ந்து விளையாட வேண்டும் என்று படத்துக்குப் படம் எழுதியிருக்கும். படத்தில் சிரித்த பிள்ளைகள் எல்லாம் பனி பெய்கிற ஊர்ப் பிள்ளைகள். தலையில் கம்பளித் தொப்பி. கீழே எங்கள் பிள்ளைகள் வியர்த்து வழிந்துகொண்டு வாயில் விரல் வைத்து வரிசையில் போவார்கள்.

விளையாட்டு அறை என்று ஒன்று இருந்தது. மரக்கட்டைகள், வளையங்கள், மணல் தொட்டி எல்லாம் உண்டு. பூட்டும் உண்டு. யாராவது பார்வையிட வந்தால் திறப்பார்கள். அன்றைக்கு விளையாடுவதற்கென்றே சில பிள்ளைகளைப் பவுடர் போட்டு வரச் சொல்லியிருப்பார்கள்.

பெரிய பிள்ளைகளுக்கும் ஒரு நாள் வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன்களை உட்கார வைத்து வளரிளம் பருவம் பற்றிக் கூட்டம். தாளாளர் பேசினார். தொடங்கியதிலிருந்து முடிக்கும் வரை செல்போனைத் திட்டினார். மாலை வேனில் ஒருவன் மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றான்.

“அண்ணாச்சி, தொண்டை ஒருமாதிரி கரகரங்கு. பேசுனா ரெண்டு கொரலா வருது. எதும் சீக்கா?”

“எல்லாப் பயலுக்கும் வாரதுதாம்ல. பேசாம இரு, சரியாயிரும்.”

இன்னும் இரண்டு பேர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டார்கள். அவற்றை இங்கே எழுத முடியாது. தெரிந்ததைச் சொன்னேன். அதில் பாதி தப்பாகத்தான் இருக்கும். ஆனால் கூட்டம் போட்டவர்கள் தப்பாகக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

நான் வெளியே வந்தது இவர்களால் இல்லை. ஒன்றாம் வகுப்பில் படித்த ஒரு சின்னப் பெண்ணால்.

அவள் அப்பா விசைப்படகில் மீன் பிடிக்கப் போகிறவர். எங்கள் ஊர் விசைப்படகுகள் கடலில் தங்குவதில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு இரவு ஒன்பது மணிக்குக் கரை சேர வேண்டும் என்பது கட்டுப்பாடு. மீனை இறக்கி, ஏலம் முடித்து, அவர் வீடு வரப் பத்து மணி தாண்டிவிடும். நாலு மணிக்குத் திரும்பவும் கிளம்புவார். இந்தப் பிள்ளை அப்பா வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டதைக் கண்ணால் பார்க்காமல் படுக்காது. அவரோடு உட்கார்ந்து இரண்டு வாய் தின்றுவிட்டுத்தான் உறங்கும். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. அதனால் திங்கட்கிழமை காலை வேனில் அவள் வாய் ஓயாது. செவ்வாய்க்கிழமை கொட்டாவி. வியாழன் வெள்ளியில் வேன் ஏறியதும் என் தொடையில் தலை வைத்து உறங்கிவிடுவாள். வகுப்பிலும் உறங்குவாள்.

இது ஒன்றும் ரகசியமில்லை. வேன் ஓட்டுகிற அண்ணாச்சிக்குத் தெரியும். அவளுடைய வகுப்பு மிஸ்ஸுக்கு நன்றாகவே தெரியும். அந்த மிஸ்ஸின் கூடப்பிறந்த அண்ணனுக்கே இரண்டு விசைப்படகு. அவள் வளர்ந்த வீட்டிலும் ராத்திரிச் சோறு பத்து மணிக்குத்தான்.

மதுரையிலிருந்து ஒரு நிபுணரை அழைத்து வந்தார்கள். பிள்ளைகளின் வளர்ச்சியைச் சோதித்துச் சொல்கிறவராம். நல்ல புடவை, குளிர்ந்த குரல், கை நிறையப் பட அட்டைகள். புதன்கிழமை காலை முதல் பிரிவேளையில் இவளைக் கூப்பிட்டார்கள். நான் விசிறிக்குப் பக்கத்தில் நின்றேன். அட்டை ஒவ்வொன்றாக வந்தது. ஆப்பிள், கரடி, கடிகாரம். பிள்ளை கண்ணைத் திறந்து திறந்து மூடிற்று. கடைசியில் மேசைமேல் தலையைச் சாய்த்துவிட்டது. நிபுணர் ஏதோ எழுதினார். கவனம் இல்லை, வயதுக்கேற்ற பேச்சு இல்லை, இந்தப் பிள்ளைக்குத் தனிப் பள்ளிதான் சரி என்றார். அந்தத் தனிப் பள்ளி எங்கே இருக்கிறது என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

தலைமையாசிரியை நாசரேத்துக்காரர். நாலு தலைமுறை வாத்தியார் குடும்பம் என்பதைக் காலை வணக்கத்தைவிட அடிக்கடி சொல்வார். பிள்ளையின் அம்மாவை வரவழைத்தார். அந்த அம்மா நாற்காலி இருந்தும் உட்காராமல் நின்றார்.

“பிள்ளை ஏன் இப்படித் தூங்குது?”

“அவ அப்பா வர லேட்டாவும் மிஸ். அதுவரைக்கும் முழிச்சிருப்பா.”

“ஆறு வயசுப் பிள்ளைய எட்டு மணிக்குப் படுக்க வைக்கத் தெரியாதா? இன்னைக்கு எட்டு மணிக்குப் படுக்க வைங்க. நாளைக்கு இன்னொரு தடவை பார்ப்பாங்க. அதிலேயும் இப்படின்னா டி.சி. வாங்கிட்டுப் போக வேண்டியதுதான்.”

“சரி மிஸ்.”

“மிஸ் இல்ல, மேடம்.”

“சரி மேடம்.”

அந்த அம்மா சொன்னபடி செய்தார். பயந்தவர்கள் சொன்னபடிதான் செய்வார்கள். எட்டு மணிக்கு விளக்கை அணைத்து, அடித்து, அழவிட்டு உறங்க வைத்திருக்கிறார். பிள்ளை விடிந்து எழுந்தபோது அப்பா கடலுக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை அவள் வேனில் உறங்கவில்லை. உட்காரவும் இல்லை. துறைமுகம் இருக்கிற பக்கத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நேத்து போட்டு எல்லாம் வந்துட்டா?” என்று படகுகளைக் கேட்டாள்.

“வந்துட்டு.”

“எங்க அப்பா போட்டு?”

“அதுவும் வந்திருக்கும்.”

“நீங்க பாத்தியளா?”

“நான் எங்க பாக்க? நான் இங்கனல்லா கெடக்கேன்.”

அவள் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா சொல்லியிருக்கிறார், அப்பா வந்தாவ, போயிட்டாவ என்று. அவள் இருக்கிற மீன்காரத் தெருவில் வராத படகைப் பற்றியும் அம்மாக்கள் பிள்ளைகளிடம் அப்படித்தான் சொல்வார்கள். அது பிள்ளைகளுக்கும் தெரியும். கண்ணால் பார்த்தால்தான் வந்தது. பார்க்காமல் உறங்கிவிட்டால், வரவில்லை.

அன்றைக்குச் சோதனையில் கண் நன்றாக விழித்திருந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. ஆப்பிளுக்கும் இல்லை, கரடிக்கும் இல்லை. பிறகு நிபுணர் ஒரு படகுப் படத்தை எடுத்து வைத்தார். பிள்ளை அந்த அட்டையைத் திருப்பி, முகம் கீழே இருக்கும்படி வைத்துவிட்டு அழத் தொடங்கியது. சத்தம் போட்டு இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

“உணர்ச்சி ரீதியாகவும் பிரச்சினை இருக்கு,” என்றார் நிபுணர். ஒரு பக்கம் நிரம்பி, தாளைப் புரட்டி எழுதினார்.

நான் வகுப்பு மிஸ்ஸைப் பார்த்தேன். அவள் தன் நகத்தைப் பார்த்தாள். படகுக்கார வீட்டுப் பெண், வாயைத் திறந்து ஒரு வரி சொன்னால் போதும். சொன்னால் தன்னையும் அந்தத் தெருவோடு சேர்த்துவிடுவார்கள் என்று பயம்.

“மேடம், பிள்ளை அப்பா கரைக்கு வரலன்னு நெனச்சிக்கிட்டு அழுது,” என்றேன். “ராத்திரி பாக்காம ஒறங்கிட்டு. வேற ஒண்ணும் இல்ல. திங்கக்கெழம காலைல வச்சுக் கேளுங்க, பேச்ச நிறுத்த முடியாது.”

தலைமையாசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நீ எத்தனாவது படிச்சிருக்க?”

“ஏழு.”

“ஃபெயிலா?”

“ஃபெயில் இல்ல. போகல.”

நிபுணர் சிரித்தார். தலைமையாசிரியையும் சிரித்தார். “அவங்க இதுக்குன்னே படிச்சவங்க,” என்றார். “நாளைக்குக் காலைல கடைசியா ஒரு தடவை பார்ப்பாங்க. அப்புறம் அவ அப்பா வந்து டி.சி. வாங்கட்டும். நீ வேன்ல போய் உக்காரு.”

“பிள்ளைக்கு எது தேவைன்னு தாழ்வாரம் பூரா ஒட்டி வச்சிருக்கியளே மேடம். அதுல ஒண்ணையாவது படிச்சிருக்கியளா?”

“ஒண்ணு வேனுக்குப் போ. இல்ல கேட்டைத் தாண்டு.”

கேட்டைத் தாண்டினேன். வேன் அண்ணாச்சி பீடியோடு வெளியே நின்றார். “ஏலே, உனக்கு எதுக்குல இந்தச் சோலி?” என்றார். அவருக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் அங்கேதான் பாதிக் கட்டணத்தில் படிக்கின்றன. வேனுக்குள் கிடந்த என் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

வழக்கமாக வேலை போனால் முதலில் வருகிற பஸ்ஸில் ஏறிவிடுவேன், அது எங்கே போனாலும் சரி. அன்றைக்கும் பஸ் வந்தது. ஏறவில்லை. அந்த உப்பளச் சாலையில் வடக்கே நடந்து மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் ஐஸ் ஆலைச் சுவர் நிழலில் துண்டை விரித்துப் படுத்தேன். அந்தப் பிள்ளையின் அப்பனும் மற்றவர்களைப் போல ஒரு மடையன்தானா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்றிருந்தது.

படகுகள் ஒன்பது மணிவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கேட்டுக் கேட்டு ஆளைக் கண்டுபிடித்தேன். கட்டையான ஆள், இடுப்பளவு நனைந்து, மீன் கூடையைத் தோளில் வைத்திருந்தார். என் பள்ளிக்கூடச் சட்டையைப் பார்த்ததும் கூடையை இறக்கிவிட்டார்.

“பிள்ளைக்கு என்ன?”

“பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல,” என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. கேட்டு முடித்ததும் ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே நின்றார். “நேத்து போனா ஒறங்கிக் கெடக்கா. மேலுக்குச் சொகமில்லையோன்னு நெத்தியத் தொட்டுப் பாத்தேன். சூடு இல்ல. எழுப்பவான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டா அவ அம்ம.”

“நாளைக்குக் காலைல கடைசித் தடவை. முழிக்கையில நீரு பக்கத்துல இருக்கணும். கூடப் போயி அவ கண்ணுல படுத மாதிரி ஒக்காரணும்.”

“காலைல நான் தண்ணியிலல்லா இருப்பேன்.” பின்னால் நின்ற படகு டிரைவரைப் பார்த்தார். வயதான ஆள், காதில் பென்சில் சொருகியிருந்தார். “அண்ணே, நாளைக்கு ஒரு நாள் எனக்கு விடணும்.”

“ஆள் கொறஞ்சா மடி வலைய எழுக்க முடியாது,” என்றார் டிரைவர். “நீ வரலன்னா வேற ஆள் வைப்பேன். வச்சா அவனத்தான் பொறவும் வச்சுக்கிடுவேன்.”

“ஒரு நாளைக்கு நான் வாரேன்,” என்றேன்.

டிரைவர் என்னைச் சுற்றி வந்து முதுகைப் படித்தார். “மாணவர் பாதுகாப்பா. கடல் பாத்திருக்கியால?”

“கரையில இருந்து பாத்திருக்கேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “வாந்தி எடுத்தா காத்துக்கு எதுக்க எடுக்காத,” என்றார் டிரைவர். “எங்க மேல தெறிக்கும். நாலரைக்கு இங்கன நிக்கணும்.”

பிள்ளையின் அப்பா மீன் கூடையை அப்படியே என் தலையில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு ஓடினார். அவளை எட்டு மணிக்கே படுக்க வைத்திருப்பார்கள். எழுப்பியிருப்பார் என்று நினைக்கிறேன். எழுப்பாவிட்டாலும் பரவாயில்லை. காலையில் அவர் அங்கே இருப்பார்.

மறுநாள் நாலரைக்கு நின்றேன். துறைமுக விளக்குகள் மறைவதற்குள் முதல் வாந்தி. காற்றுக்கு எதிராக இல்லை. இரண்டாவது எப்படிப் போனது என்று பார்க்கும் நிலையில் நான் இல்லை. “மாணவரே, உசுரோட இருக்கியா?” என்று அவ்வப்போது யாராவது கேட்டார்கள்.

பள்ளியில் நடந்தது எனக்கு அன்று இரவு கரையில் தெரிந்தது. அப்பா தாழ்வாரத்தில் அந்தக் கம்பளித் தொப்பிப் படங்களுக்குக் கீழே குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருக்கிறார். பிள்ளை அட்டைகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கரடிக்கு ஏன் செருப்பு இல்லை என்றும் கேட்டதாம். டி.சி. பேச்சு நின்றது. எட்டு மணிக்குப் படுக்க வைக்கச் சொன்ன முறை பலித்துவிட்டது என்று தலைமையாசிரியை அடுத்த வாரம் பெற்றோர் கூட்டத்தில் பேசினாராம், பிறகு கேள்விப்பட்டேன். நிபுணரும் கைதட்டினாராம். அவர்களுக்கு அதுவே போதும்.

படகில் இருந்த அந்தக் காலையில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. வெயில் ஏறியதும் முதல் மடியை இழுத்துப் படகுத் தட்டில் கொட்டினார்கள். இறால், நண்டு, நெத்திலி, பெயர் தெரியாத பொடிசுகள் எல்லாம் குவியலாகத் துடித்தன. டிரைவர் என் முன்னால் மூன்று கூடையைத் தள்ளினார்.

“இறால் இதுல, நண்டு அதுல. மிச்சம் பூரா கோழித் தீவனத்துக்கு, இதுல போடு.”

பள்ளிக்கூடத்து அறையில் இந்நேரம் அட்டைகளைப் பரப்பியிருப்பார்கள். நான் குனிந்து இறாலைப் பொறுக்க ஆரம்பித்தேன்.