கரும்புகையும் மஞ்சள் பையும்

1991, ஒரகடம் கூட்டு ரோடு. காலை பத்து மணி.

படப்பையை விட்டுக் கிளம்பியதிலிருந்து எங்கள் காரின் பின்னால் கரும்புகை வருகிறது. மனைவி வேண்டாம் என்று சொல்லியும் போன மாதம் நான் வாங்கிய பழைய கார். காஞ்சிபுரத்தில் மாமனாரிடம் காட்டத்தான் போகிறோம். "இன்ஜின் போச்சு" என்கிறேன். அவள் வாயே திறக்கவில்லை. எனக்கு அதுதான் பயம்.

ரோட்டோர ஷெட்டிலிருந்து மெக்கானிக் டீ கிளாசோடு வருகிறார். வண்டியை உறுமவிடச் சொல்லிப் புகையைப் பார்க்கிறார்.

"நீலமா வந்தா ஆயில் எரியுது, பெரிய வேலை. வெள்ளையா வந்துகினே இருந்தா உள்ள தண்ணி பூந்துகீது. இது கருப்பு சார். பெட்ரோலை ஓவரா குடிக்குது."

"ஏன் குடிக்குது?"

அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுகிறார். டாஷ்போர்டின் சோக் குமிழில் மஞ்சள் பை தொங்குகிறது. மாமனாருக்காகப் படப்பையில் வாங்கிய மூன்று கிலோ கொய்யாப்பழத்தை நான்தான் அதில் மாட்டினேன். கனம் தாங்காமல் குமிழ் முழுக்க வெளியே வந்திருக்கிறது.

"இத்த இழுத்தா பெட்ரோல் ஜாஸ்தியா போவும். காலைல வண்டி கிளப்பத்தான் சார் சோக்கு. பை மாட்ற ஆணி இல்ல இது."

பையைக் கழற்றிவிட்டுக் குமிழை உள்ளே தள்ளுகிறார். நாலு உறுமலில் புகை அடங்குகிறது.

"இன்ஜின் ஷோக்கா கீது சார். இன்ஜினாண்ட ஒரு தப்பும் இல்ல."

மனைவி பையை மடியில் வாங்கிக்கொள்கிறாள். படப்பைக்கு அப்புறம் இப்போதுதான் பேசுகிறாள்.

"ஏங்க, அப்பாகிட்ட காரைக் காட்டும்போது அந்த ஆணியையும் காட்டிடுங்க."