பொட்டு வைத்த இன்ஜின்

போன வாரம் வீடு மாற்றினோம். பரணிலிருந்து இறக்கிய அட்டைப்பெட்டியில், ஸ்பைரல் பைண்டிங் போட்ட முந்நூறு பக்கப் புத்தகம் ஒன்று கிடைத்தது. மேலட்டையில் காய்ந்துபோன சந்தனம், நடுவில் குங்குமம். முகர்ந்து பார்த்தேன். விளக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும் சேர்ந்து ஒரு வாசனை. சாமிக்கும் மெக்கானிக்குக்கும் பொதுவான புத்தகம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அது என் பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பழுதுபார்க்கும் கையேடு. ஆமாம், நான் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தவன். சிரிக்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், பள்ளிக்கரணையில் ஒரு அடுக்குமாடியின் பின்புறம், சதுப்பு நிலத்துப் பறவைகளெல்லாம் கூடி வெள்ளையடித்துக்கொண்டிருந்த அந்தச் சிவப்பு வண்டியைப் பார்த்தேன். இரண்டே கதவு, இரண்டே இருக்கை, மடக்கினால் மடங்கும் கூரை. மடங்கினால் திரும்ப நிமிராது என்பது வாங்கிய பிறகு தெரிந்தது. பம்மலில் தோல் கிடங்கில் மூட்டை தூக்கிய அப்பா, வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்துவிட்டு, "மீதி எங்கடா?" என்றார்.

அம்மாவுக்காகத்தான் வாங்கினேன் என்றால் நம்புவீர்களா? கூடுவாஞ்சேரியில் அம்மாவின் அண்ணன் இருக்கிறார். நிலத்தை மனை மனையாகப் பிரித்து விற்றபின், 'மாமா' என்று நான் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுவதாக நினைத்துக்கொள்பவர். அவர் மகள் கல்யாணத்துக்கு அம்மா ஷேர் ஆட்டோவில் போய் ஜிஎஸ்டி சாலையில் இறங்கி, சீர்த்தட்டை ஏந்திக்கொண்டு வெயிலில் நடந்தாள். வாசலில் ஒரு பெரிய மனிதர் "யாரு?" என்று கேட்க, மாமா, "நம்ம ஊர்க்காரங்க" என்றாராம். அம்மா சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள். ஆனால் என்ன சாப்பாடு என்று கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு மாமா புது வீடு கட்டினார். ஐப்பசியில் கிரகப்பிரவேசம்.

"இந்தத் தடவ அவரு வாசல்லயே போய் எறங்கணும்டா" என்றாள் அம்மா. அவ்வளவுதான் கேட்டாள். நான் புத்திசாலித்தனமாக இரண்டு பேர் மட்டும் போகிற காரை வாங்கினேன். அப்பாவுக்கு மின்சார ரயில் ஒதுக்கப்பட்டது.

முதல் ஓட்டத்திலேயே பெருங்களத்தூர் சிக்னலில் வண்டி புகைந்தது. நான்கு பெரிய பட்டறைகளில், பாட்டிக்கு வைத்தியம் கேட்டு வந்தவனைப் போல என்னைப் பரிவோடு பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் பம்மல் கஜா அண்ணன் ஷெட்டுக்குக் கட்டி இழுத்துவந்தோம். அவர் ஷேர் ஆட்டோ ஸ்பெஷலிஸ்ட். "இன்ஜின்னா இன்ஜின்தான் சார்" என்று ஒரே வரியில் தத்துவத்தை முடித்துவிட்டார்.

எனக்கோ அது போதவில்லை. எங்கள் வீட்டில் அச்சடித்த தாளில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். பரம்பரையில் முதலில் படித்தவனுக்கு வருகிற வியாதி இது: அச்சில் இருந்தால் அப்படியே நடக்கும் என்ற நம்பிக்கை. கையேட்டை இணையத்தில் தேடிப் பிடித்து அச்செடுத்தேன். அதில் சொன்னபடி, கஜா அண்ணன் கழற்றக் கழற்ற, ஒவ்வொரு பாகத்திலும் எண் எழுதிய சீட்டை நூலில் கட்டினேன். எது எதோடு சேரும் என்று வெள்ளை பெயிண்டில் கோடு போட்டேன். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு சீட்டு.

"இன்னா சார், ரேஷன் கடை மாதிரி டோக்கன் குடுத்துகினு கீற?"

"பூட்டும்போது தெரியும்ணா, இதோட அருமை."

தெரிந்தது. நடுவில் ஆயுத பூஜை வந்தது.

எனக்குப் பிடித்த பண்டிகை அது. சின்ன வயதில் கணக்குப் புத்தகத்தை முதல் ஆளாகச் சாமிமுன் கொண்டுபோய் வைத்து, மற்ற புத்தகங்களையெல்லாம் அதன்மேல் அடுக்குவேன். மறுநாள் எடுக்கும்போது அதுதானே கடைசியில் வரும். அந்த ஞாபகத்தில் சிரித்துக்கொண்டே ஷெட்டுக்குள் நுழைந்தால், ஷெட் ஜொலித்தது. ஸ்பானர்கள், ஜாக்கி, பொரி, சுண்டல். நடுவில் வாழையிலைமேல் என் இன்ஜின் பாகம் பாகமாக, கடைசி நட்டு வரைக்கும் பளபளவென்று. ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். சீட்டு ஒன்றுகூட இல்லை.

"அண்ணா, சீட்டெல்லாம் எங்க?"

"அழுக்கா கீதுன்னு பிச்சி போட்டேன் சார். சாமிக்கு வெக்கறதுல டோக்கன் தொங்கினா நல்லாவா கீது?"

"வெள்ளைக் கோடு?"

"மண்ணெண்ணெய் போட்டு ராவெல்லாம் தேச்சேன் சார், அவ்ளோ லேசுல போவல" என்றார் பெருமையாக. "உன் புக்கயும் வெச்சிகீறேன். படிப்புக்கு மரியாத."

கையேடு சரஸ்வதி படத்தின் கீழே, குத்துவிளக்கின் காலடியில் இருந்தது. எடுக்கப் போனேன். "தொடாத சார்! நாளிக்கி மறுபூஜ போட்டுத்தான் எடுக்கணும்." இரவெல்லாம் விளக்கு ஒழுகியது. கழற்றும் பக்கங்கள் பத்திரமாக இருந்தன. பூட்டும் பக்கங்கள் எண்ணெய் குடித்துக் கண்ணாடியாகி, முன்பக்க எழுத்தும் பின்பக்க எழுத்தும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தன. திரும்ப அச்செடுக்கலாமென்று தேடினால், இணையத்திலிருந்து அந்தக் கையேட்டையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

"நீ படிச்சவன் சார், கரெக்டு" என்று ஆறுதல் சொன்னார் கஜா அண்ணன். "வண்டி இன்னா படிச்சிகீதா?"

கையால் தடவித் தடவியே இரண்டு வாரத்தில் பூட்டினார். ஏழு போல்ட் மிச்சம். "கம்பெனிக்காரன் ஸ்பேரா குடுத்துருப்பான்" என்றார். ஹாரன் மட்டும் கிடைக்கவில்லை என்று ஷேர் ஆட்டோ ஹாரனை மாட்டினார். விளைவாக, கிரகப்பிரவேசத்தன்று வண்டலூர் வரைக்கும், நான் ஹாரன் அடித்த இடத்திலெல்லாம் ஜனங்கள் கைகாட்டி நிறுத்தினார்கள். "ஏத்திக்கடா, பாவம்" என்றாள் அம்மா, மடியில் சீர்த்தட்டோடு. எங்கே ஏற்றுவது?

கூடுவாஞ்சேரியில் மாமா தெருவுக்குள் திரும்பினோம். பந்தல் தெரிந்தது. வண்டி ஒருமுறை இருமியது. நின்றது. வாசலுக்கு இன்னும் ஐம்பதடி.

"எறங்கும்மா, நடந்துடலாம்."

"மாட்டேன்."

அம்மா நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் இறங்கித் தள்ளினேன். வண்டி அசையவில்லை. கூட்டம் சேர்ந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமா வந்தார், பட்டு வேட்டியில்.

"என்னம்மா, உக்காந்தே இருக்க?"

"வண்டி நின்னுடுச்சுண்ணா. தள்ளேன்."

மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டினார். கை வைத்தார். கூரையில்லாத வண்டி, உற்சவர் மாதிரி அம்மா, பின்னால் மூச்சிரைக்க மாமா. சஃபாரி போட்ட ஒருவர் கூடவே நடந்துவந்து, "யாரு சார் வண்டில?" என்று கேட்டார்.

"என் தங்கச்சி" என்றார் மாமா.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்குச் சாப்பிட்ட பதினான்கு வகையையும் அவள் இன்றுவரைக்கும் வரிசையாகச் சொல்வாள்.

இப்போது கஜா அண்ணன் ஷெட் இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். வண்டி பழைய இரும்புக்குப் போனது. பிரித்தவர் போன் செய்து, "இன்ஜினுக்குள்ள எதுக்கு சார் குங்குமம்?" என்று கேட்டார். மாமா வீட்டையும் இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். மாமா மூன்றாவது மாடியில் இருக்கிறார். போன தீபாவளிக்கு நானும் அம்மாவும் ஏசி டாக்ஸியில் போனோம். டிரைவர் ஒரு இடத்திலும் நிற்காமல் சரியாக வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விட்டார். பார்க்க யாரும் இல்லை. வாட்ச்மேன் நோட்டை நீட்டினார். அம்மாவின் பெயருக்கு எதிரே என்ன உறவு என்று எழுத இடம் தேடினேன். எல்லா வரியிலும் 'விசிட்டர்' என்று முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தார்கள்.