கறுப்புப் புள்ளிகள்

துறைமுகத்துக் கிரேன்கள் கரையில் சிறுத்துத் தெரியும் தூரத்தில் நான் ஓட்டிவந்த வள்ளம் நிற்கிறது. மடிக்கணினியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்திருக்கிறார் ஆய்வாளர் கிரேஸ், கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் நாசரேத் ஊர்க்காரர். கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துச் செத்த பிறகு, அவை மறுபடி எங்கே முளைக்கும் என்று ஐந்து வருடமாகக் கணினியில் கணக்குப் போட்டவர். கணக்கு காட்டும் இடம் இதுதான். அவருக்கு நீச்சல் தெரியாது.

"இங்கன எல்லாம் செத்த பாறதான் தங்கச்சி. நாங்க எட்டிப் பாத்தே எத்தன வருசமாச்சு," என்கிறார் சங்கு குளிக்கும் அந்தோணி. காலையில் ஒவ்வொரு முறையும் சிலுவை போட்டுக்கொண்டு முங்கியவர், செத்த பாறைக்கு எதற்கு என்றோ என்னவோ, இப்போது போடாமலே முங்குகிறார்.

கிரேஸ் நகத்தைக் கடிக்கிறார்.

மேலே வந்ததும் அந்தோணி சிலுவை போட்டுக்கொள்கிறார். "பொடிசு பொடிசா மொளச்சிருக்கு. பாற முழுக்க." தன் முங்குக் கண்ணாடியைக் கழற்றிக் கிரேஸுக்கு மாட்டிவிடுகிறார். "தலைய மட்டும் முக்கிப் பாருங்க. நான் பிடிச்சுக்கிடுதேன்."

வள்ளத்தின் விளிம்பில் குப்புறப் படுத்து, கிரேஸ் முகத்தைத் தண்ணீருக்குள் விடுகிறார். எழும்போது மூக்கில் நீர் ஒழுகுகிறது.

"அண்ணாச்சி, என் கம்ப்யூட்டர்ல இதெல்லாம் கறுப்புப் புள்ளி. இவ்வளவு கலரு இருக்கும்னு எனக்குத் தெரியாது."

மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி தலையை முக்குகிறார்.