விருந்தாளிப் பீங்கான்

முத்து பீவிக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். அவளைத் தெரிந்த யாரும் இதை மறுக்கமாட்டார்கள், அவளும் மறுத்ததில்லை. இருபத்திரண்டு வருஷம் மேடானில் குடித்தனம் நடத்தி, கணவனை அந்த ஊர் மண்ணிலேயே அடக்கிவிட்டு, 1943 நடுவில் ஒரு சரக்குத் தொங்கான் படகில் கடலைக் கடந்து கிள்ளான் பக்கம் வந்து இறங்கினாள். ஒரு தகரப் பெட்டியும் ஒரு தேங்காய்த் துருவியும் இந்த ரோஷமும்தான் அவள் கூட வந்தன. வழியெல்லாம் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. ஆனாலும் கரையில் கால் வைத்ததும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்; தூக்க வந்தவனிடம் பெட்டியைக் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

கிள்ளானில் அவள் கணவனின் தூரத்துச் சொந்தக்காரர் யூனுஸ் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அங்கே ஒரு நாள் தங்கினாள். சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாதவள் அல்லவா, மறுநாள் காலையில் மரவள்ளியைத் துருவிப் பிழிந்து, தேங்காய்ப்பூ கலந்து, வாழை இலையில் பொதிந்து அவித்துக் கொடுத்தாள். ஒன்றைத் தின்று பார்த்த யூனுஸ் இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார்.

"இங்கேயே இருந்துடுங்க லாத்தா. கடைக்குச் சமையல் பார்க்க ஆள் இல்லை. பின்னால ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு."

"எனக்குத் தம்பி இருக்கான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல பொறந்தவ நான். என் ஊருக்குப் போறேன்" என்றாள் முத்து பீவி.

"எப்ப மனசு மாறினாலும் வாங்க" என்றார் அவர். அந்த வார்த்தையை அப்போதைக்கு அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஜப்பான்காரர்கள் ஊரைப் பிடித்த பிறகு கோலாலம்பூர் ஸ்டேஷனில் பலகை எழுத்துகள் மாறியிருந்தன. கடிகாரம் ஜப்பான் நேரத்தைக் காட்டியது. அதாவது பொழுது விடியும் முன்பே ஏழு மணி அடித்தது. கடைகளில் பாதி பூட்டிக்கிடந்தன. ஆனால் பிரிக்பீல்ட்ஸுக்குள் நுழைந்ததும் ஒரு ரயில் ஊதிக்கொண்டு போயிற்று. சின்ன வயதில் கேட்ட அதே ஊதல். முத்து பீவி பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, ரயில் முழுவதும் போகும்வரை நின்று கேட்டாள். உயிரோடு ஊர் வந்து சேர்ந்துவிட்டோம் என்று அவள் நம்பியது அப்போதுதான்.

தம்பி அப்துல் ஜலீல், ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலுள்ள சந்தில் கோப்பிக்கடை நடத்திவந்தான். பாலும் இல்லை, சீனியும் இல்லை, கோப்பித்தூளில் பாதி வறுத்த சோளம். அதையும் கோப்பி என்று நம்பிக் குடிக்க ஆள் வந்துகொண்டிருந்தது. அவள் கல்யாணமாகிப் போகும்போது மீசை அரும்பாமல் நின்ற பையனுக்கு இப்போது காதோரம் நரைத்திருந்தது. "லாத்தா" என்று அக்காவைக் கூப்பிட்டவன் அழுதுவிட்டான். அவன் மனைவி காத்தூன் பீவியையும், பதினாறு வயது மகள் ரம்லத்தையும் முத்து பீவி அன்றுதான் முதல்முறை பார்த்தாள். கடையை ஒட்டியே வீடு. அந்த வீட்டில்தான் அவள் பிறந்ததும்.

அன்று மத்தியானம் காத்தூன் பீவி அலமாரியைத் திறந்து, நீலப்பூ போட்ட பீங்கான் தட்டை எடுத்துக் கழுவி, அதில் சோறு போட்டு, மேலே மீன் துண்டு வைத்து நாத்தனாரின் முன்னால் நீட்டினாள்.

"நீங்க சாப்பிடுங்க மச்சி. நாங்க அப்புறம் சாப்பிட்டுக்கறோம்."

அந்தப் பீங்கானை முத்து பீவிக்கு நன்றாகத் தெரியும். அவள் உம்மா வாங்கியது. கீழக்கரையிலிருந்து வந்த அந்தக் குடும்பத்தில் வீட்டு ஆட்கள் தனித்தனித் தட்டில் சாப்பிடும் வழக்கமில்லை. சஹன் என்ற பெரிய வட்டத் தட்டை நடுவில் வைத்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, அவரவர் தன் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். அடுத்தவர் பக்கம் கை நீட்டினால் உம்மாவிடம் அடி விழும். நீலப்பூப் பீங்கான் வெளியே வருவது விருந்தாளி வந்தால் மட்டும்தான். விருந்தாளி வாசல் தாண்டியதும் அது அலமாரிக்குள் போய்விடும்.

முதல் நாள் பீங்கான் வந்தது சரி, மரியாதை. முதல் வாரமும் போகட்டும் என்று விட்டாள். பிறகும் தினமும் அதே பீங்கான், அதே சோறு, அதே "நீங்க சாப்பிடுங்க மச்சி". ரோஷக்காரிக்கு இது போதாதா!

மற்றபடி அவளுக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். விடியலில் ஜலீலுக்கு முன்பே எழுந்து மரவள்ளி துருவ உட்கார்ந்துவிடுவாள். அவளுடைய இலைக்கட்டியைக் கடைக்கு வருபவர்கள் 'மேடான் கேக்' என்று பெயர் வைத்துக் கேட்டு வாங்கினார்கள். வீட்டுக்கு வந்த மரவள்ளி மூட்டைகள் எல்லாம் இதற்குத்தான் போலிருக்கிறது என்று அவள் எண்ணிக்கொண்டாள். அரிசியைப் பற்றி யோசிக்கவே இல்லை. மேடானில் அரிசி வாங்குவது கணவனின் வேலையாக இருந்தது. இங்கே கடைக்காரத் தம்பிக்கு எப்படியாவது கிடைக்கும் என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலம் ரம்லத்தைக் கூட்டிக்கொண்டு நடப்பாள். மேடானில் சந்தைக்குப் பாஜாக் என்று பெயர். அந்த வார்த்தை அவள் நாக்கை விட்டுப் போகமாட்டேன் என்றது. "பாஜாக் போய்ட்டு வரலாமா?" என்று அவள் கேட்க, "பாசார்னு சொல்லுங்க மாமி, சிரிக்கிறாங்க!" என்று ரம்லத் சிரிப்பாள். பழைய தையல்கடை எங்கே, ரொட்டிக்கடை எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பாதி இல்லை. இருந்த பாதியே அவளுக்கு நிறைவாக இருந்தது. தன் ஊரில் வழி கேட்டு நடப்பதில் வெட்கத்தோடு ஒரு சந்தோஷமும் இருக்கத்தான் செய்தது.

மத்தியானம்தான் அவளுக்கு ஆகாத நேரம். அவள் சாப்பிட்டு, தொழுது, முன் அறையில் சாய்ந்த பிறகு ஜலீல் கடையிலிருந்து உள்ளே வருவான். சமையலறைக் கதவு சாத்தப்படும். சஹன் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்கும். மூன்று பேரும் அடக்கிய குரலில் பேசுவார்கள். சில சமயம் சிரிப்பார்கள். கதவை எதற்குச் சாத்த வேண்டும்? இந்தக் கேள்வி அவளைப் பிடுங்கித் தின்றது. நானும் சஹனில் உட்காருகிறேனே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கேட்டு வாங்குவதற்குப் பெயர் சொந்தமா? பொறந்த வீட்டிலேயே நாம் விருந்தாளி, எப்போது கிளம்புவோம் என்று பார்க்கிறார்கள் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அந்த முடிவு அவளை மிகவும் வேதனைப்படுத்தியது. மூன்றாவது மாதம், கிள்ளானுக்குப் போகிற லோரிக்காரரிடம் யூனுஸுக்குச் சொல்லி அனுப்பினாள்: வருகிறேன், அறையைக் கூட்டி வையுங்கள்.

ஊர் மாறினால் ரேஷன் அரிசிக் கார்டில் பெயரும் மாற வேண்டும் என்று அந்த லோரிக்காரர்தான் சொன்னார். அதனால் ஒரு நாள் காலை, "செந்தூல்ல தெரிஞ்சவங்களைப் பார்த்துட்டு சாயங்காலமா வரேன்" என்று வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, கார்டு எழுதும் இடத்துக்குப் போனாள். வரிசையில் நின்றாள். உள்ளே பேரேட்டோடு உட்கார்ந்திருந்தவன் அடுத்த சந்துச் செபாஸ்டியன். முன்பு ரயில்வேயில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன், மேடான் கேக்குக்குத் தினசரி வாடிக்கை.

"என்னக்கா, நீங்களே வந்துட்டீங்க? நல்லதா போச்சு" என்றான்.

"கிள்ளானுக்குப் பேரை மாத்தணும் தம்பி. சீட்டு எழுதிக் குடு."

செபாஸ்டியன் பக்கங்களைப் புரட்டினான். "அப்துல் ஜலீல், காத்தூன் பீவி, ரம்லத். மூணு பேருதான்க்கா இருக்கு. உங்க பேரு இன்னும் ஏறவே இல்லையே. இல்லாத பேரை எப்படி மாத்தறது?"

"ஏறலையா? நான் வந்து மூணு மாசம் ஆகுதே!"

"அப்ப மூணு மாசமா உங்களுக்கு அரிசியே வந்திருக்காது லா. வெறும் மரவள்ளியிலயா ஓட்டுறீங்க?"

"நான் தினமும் சோறுதான் சாப்பிடறேன்" என்றாள் முத்து பீவி.

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. செபாஸ்டியனும் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். கொடுக்கிற அரிசி மூன்று பேருக்கே பத்து நாளைக்குக் காணாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவளைத் தவிர எல்லோருக்கும்.

"உங்க தம்பி ரெண்டு தடவை இங்க வந்தாரு, அக்கா" என்றான் செபாஸ்டியன். "புதுப் பேருன்னா ஆள் நேர்ல வரணும், லாத்தாவைக் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னேன். 'வந்தவகிட்ட அரிசிக்குப் பேர் குடுக்க வான்னு எப்படிக் கூப்பிடறது? தம்பி சோத்துக்குக் கணக்குப் பார்க்கறான்னு நினைச்சுடுவா. அவளுக்கு ரோஷம் ஜாஸ்தி'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

அக்காளுக்கு ஏற்ற தம்பி. ஒருத்தி கேட்கமாட்டாள், ஒருத்தன் சொல்லமாட்டான். நடுவில் இரண்டு பெண்கள் வயிற்றைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். முத்து பீவிக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, எந்த வீட்டுல எழுதட்டும்? கிள்ளான்லயா?" வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"அந்த மூணு பேருக்குக் கீழேயே எழுது தம்பி" என்றாள். "நாலாவதா."

வீட்டுக்குப் பின்பக்கமாக வந்தாள். அவள் செந்தூலில் இருக்கிறாள் என்ற தைரியத்தில் சமையலறைக் கதவு அன்று திறந்தே கிடந்தது. மூன்று பேரும் சஹனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சஹனில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, மரவள்ளிக்கீரை, ஓரத்தில் கொஞ்சம் மிளகாய்ச் சம்பல். ஒரு பருக்கை சோறு இல்லை. மேலே பலகையில் நீலப்பூப் பீங்கான் மூடிவைக்கப்பட்டிருந்தது, சாயங்காலம் வரப்போகிறவளுக்காக.

காத்தூன் பீவி அவளைக் கண்டதும் பதறிப்போய், பக்கத்தில் கிடந்த சுளகை எடுத்துச் சஹனை மூடினாள். கிழங்கைத் திருடிய மாதிரி! ஜலீல் வாயில் போட்டதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் முழித்தான்.

"வாங்க மச்சி... சீக்கிரமே வந்துட்டீங்க... இருங்க, சோறு போடறேன்..."

முத்து பீவி உள்ளே வந்தாள். சுளகை எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள். பலகையிலிருந்த பீங்கானை இறக்கி, அதிலிருந்த சோற்றையும் பாதி முட்டையையும் சஹனின் நடுவில் கவிழ்த்தாள். பிறகு பீங்கானைக் கழுவித் துணியால் துடைத்து, அலமாரியில் மேல்தட்டில் வைத்துச் சாத்தினாள். உம்மா வைக்கும் அதே இடம்.

"விருந்தாளி போயாச்சு" என்றாள். "செபாஸ்டியன்கிட்ட பேர் குடுத்துட்டேன் ஜலீல். உனக்கு வாய் எதுக்கு இருக்கு? கோப்பி ஊதிக் குடிக்கவா?"

ஜலீல் தலையைக் குனிந்துகொண்டான். சிரித்தானா அழுதானா என்று யாரும் பார்க்கவில்லை. காத்தூன் பீவி கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "நாங்க ஒண்ணும் நினைக்கலை மச்சி, நீங்க கடல் தாண்டி வந்த உடம்பு..." என்று தொடங்கினாள்.

"நான் நினைச்சேன் புள்ள. மூணு மாசமா தப்புத் தப்பா நினைச்சேன்" என்றாள் முத்து பீவி. "தள்ளிக்க ரம்லத்து."

ரம்லத் நகர்ந்து இடம் விட்டாள். முத்து பீவி முழங்காலை மடித்து உட்கார்ந்தாள். கிள்ளானுக்கு வேறு சொல்லி அனுப்ப வேண்டும், வரவில்லை என்று. யூனுஸ் கோபித்துக்கொள்வார், இரண்டு கட்டி மேடான் கேக் அனுப்பினால் ஆறிவிடுவார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவளுக்கு அப்போது அகோரப் பசி. கிழங்கில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, ஜலீலின் பக்கத்து ஓரத்திலிருந்த சம்பலை நோக்கிக் கையை நீட்டினாள்.

"மச்சி! அங்க எங்க கை போகுது? உங்க பக்கத்துல இருந்து எடுங்க!"

காத்தூன் பீவி அதட்டிவிட்டு, அதட்டியது தான்தான் என்று தெரிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று மாதத்தில் அவள் முத்து பீவியிடம் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. விருந்தாளியை யார் அதட்டுவார்கள்?

முத்து பீவி சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். காத்தூன் பீவி விரலால் கொஞ்சம் சம்பலை எடுத்து இந்தப் பக்கம் ஒதுக்கிவைத்தாள். முத்து பீவி குனிந்து பார்த்தாள். சஹனில் அவளுக்கென்று ஒரு பக்கம் இருந்தது.