சண்முகத்தாய் அக்கா தூக்கிய கை

சண்முகத்தாய் அக்கா இறந்துபோன செய்தி ஐப்பசி மழைக்கு நடுவில் வந்தது. அவருடைய கணவர் வேலுச்சாமி அண்ணாச்சிதான் போனில் பேசினார். "உங்க அக்கா காலையில போயிட்டா. முடிஞ்சா வாங்க. ரோடு மோசமாக் கிடக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார். நாகலாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கரிசல் சகதி அப்பிய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கோவில்பட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு ஆபரேட்டராக இருந்த அக்காவின் குரல் மறந்திருக்காது. வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. பொறுமையிழந்து கத்துகிறவர்களிடம், "நீங்க வைதாலும் மெட்ராஸ் லைன் வராது அண்ணாச்சி. இருங்க, நான் விடமாட்டேன்" என்பார். கிடைக்கும்வரை விடவும் மாட்டார்.

இந்திய ராணுவம் இலங்கையில் இருந்த வருஷங்கள் அவை. வேலுச்சாமி அண்ணாச்சிக்கு ராணுவத்தில் நாயக் பதவி. அவரும் யாழ்ப்பாணத்தில் இருந்தார். எங்கள் பக்கம் அந்தப் போரை யாருக்கும் பிடிக்கவில்லை. அங்கே சாகிற சனங்களும் தமிழ் பேசுகிறவர்கள்தானே என்ற கோபம் டீக்கடை வரைக்கும் இருந்தது. இன்னும் படை அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும், அனுப்பக் கூடாது என்று எங்கள் ஊழியர் சங்கக் கிளையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தோம்.

அக்கா எழுந்தார். "அங்கன இருக்கவிய கதி என்னன்னு அதுல ஒண்ணும் எழுதலையே. ஆளு பத்தலன்னுதான் எங்க வீட்டு அவிய சொல்லுதாவ."

செயலாளர் படபடப்பான மனிதர். "அப்ப உங்க வீட்டுக்காரர் பொழைக்க, அடுத்த வீட்டுப் பிள்ளைகள அனுப்பச் சொல்லுதீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

அக்கா அழுதுவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன்.

"ஆமா. வீட்டுல இருந்தா அப்படித்தான் தோணுது" என்றார் அக்கா. "இங்கன டெலிபோன் போர்டு முன்னால வந்து உக்காந்தா, அந்தப் பிள்ளைக வீட்டுக்குச் சாவுத் தாக்கல் சொல்லவும் நான்தான லைன் போட்டுக் குடுக்கணும்னு இருக்கு."

போனவர்களையும் திரும்ப அழைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்தார்கள். அதன்பின் எங்களோடு அவரும் கை தூக்கினார். எங்கள் தீர்மானத்துக்காக டெல்லி எதையும் மாற்றப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கையைத் தூக்க அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

படை திரும்பியபோது அண்ணாச்சி காலில் காயத்தோடு வந்தார். கூடவே இருந்த சிநேகிதனை அங்கே பறிகொடுத்திருந்தார். கூட்டத்தில் நடந்ததை அக்காவே அவரிடம் சொன்னார். மறைத்திருக்கலாம், நாங்கள் யாரும் சொல்லியிருக்க மாட்டோம்.

"நாங்க ஆளு வருமான்னு பாத்துக் கிடந்தோம். நீ வேண்டாம்னு கையத் தூக்கிருக்க" என்ற அண்ணாச்சி, பல நாள் அக்காவிடம் பேசவே இல்லை.

"அவிய கோவம் நியாயம்தான்" என்றார் அக்கா எங்களிடம், ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தில். "ஆனா திரும்பக் கேட்டாலும் நான் அப்படித்தான் தூக்குவேன்."

பின்னாளில், நீங்கள் செய்ததுதான் சரி என்று யாராவது பாராட்டினால் அவருக்குப் பிடிக்காது. "அந்தச் செத்த பையன் வீட்டுல போயி அதச் சொல்லிட்டு வாங்க" என்பார்.

அக்காவின் உடலை எடுத்த பிறகு, அண்ணாச்சியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவராகவே பேசினார்.

"அவ செஞ்சது சரின்னு எனக்கு இன்னைக்கும் தோணல. ஆனா அவ உசுரு அங்கன கிடந்து, நான் இங்கன இருந்திருந்தா, எனக்கு அந்தக் கை எந்திரிச்சிருக்காது."

அக்காவின் முடிவை விட, அதற்கு முன்னால் அத்தனை பேர் நடுவில் அவர் சொன்ன அந்த "ஆமா"வைத்தான் நான் மனசில் வைத்துக்கொள்கிறேன்.